பழைய லெப்டொப்பில் விண்டோஸ் 11 போடுவது எப்படி?

தங்கச்சியின் உயர்தரப் படிப்புக்காக ஹட்டன் டவுனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லெப்டொப். இன்டெல் ஐ3 பிராசசர், 5ஆம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதே, 11ஐப் போட்டுவிடுவோம் என்று பார்த்தால், உன் மெஷினுக்குத் தகுதியில்லை என்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டுமாம். ஆனாலும் போட்டுவிட்டேன். எனக்கு இரண்டு ராத்திரி போனது. உங்களுக்கு ஒரு பின்நேரம் போதும்.

முதலில் முக்கியமான ஃபைல்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். டிஸ்க் மொத்தமாக அழியப்போகிறது.

ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைலை, மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும், அதனால் நைட் டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கினேன். யாரோ குறைத்துச் செய்த 'லைட்' விண்டோஸ் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பென் டிரைவ் 8 ஜிபியாவது இருக்கட்டும். ஐஎஸ்ஓவை அதில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற மென்பொருள்தான். வென்டோய் என்ற இன்னொன்றும் நல்லதுதான், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு ரூஃபஸ் போல லேசு இல்லை. டிபிஎம் தேவையை நீக்கும் வசதி எங்கே என்று முகப்பில் தேடித் தேடி அலுத்துப்போனேன். அது முகப்பில் இல்லை! ஐஎஸ்ஓவைத் தெரிவு செய்து 'ஸ்டார்ட்' அமுக்கிய பிறகுதான் சின்னப் பெட்டி ஒன்று வருகிறது. அதில் ரேம், செக்யூர் பூட், டிபிஎம் தேவையை நீக்கும் கட்டத்துக்கும், ஒன்லைன் கணக்குத் தேவையை நீக்கும் கட்டத்துக்கும் டிக் போடுங்கள்.

பென் டிரைவைச் செருகி அதிலிருந்து மெஷினை பூட் செய்தால் (எழுப்பினால்) சில பழைய மெஷின்களில் அது பூட் பட்டியலிலேயே வராது. பயோஸ் (மெஷின் எழும்பும் விதத்தை மாற்றும் இடம்) லெகசி என்ற பழைய முறையில் இருக்கும், யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றுங்கள்.

இனி என்னை மாட்டிவைத்த இடம். எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில், டிஸ்க் எம்பிஆர் முறையில் (டிஸ்கைப் பிரித்து வைக்கும் பழைய முறை) இருப்பதால் முடியாது என்று நின்றுவிட்டது. டிஸ்க் செத்துப்போனது என்றே நினைத்தேன். விஷயம் வேறு: பழைய விண்டோஸை லெகசியில் போட்டிருந்தார்கள், யூஇஎஃப்ஐ கேட்பதோ ஜிபிடி என்ற புது முறை. அந்த டிஸ்கில் உள்ள பார்ட்டிஷன்களை (சி, டி என்று பிரித்த பகுதிகளை) ஒவ்வொன்றாக டிலீட் செய்யுங்கள். கடைசியில் ஒரே வெற்றிடமாகத் தெரியும். அதைத் தெரிவு செய்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால் ஜிபிடியாக அதுவே மாற்றிக்கொள்கிறது. கட்டளை எதுவும் அடிக்கத் தேவையில்லை. உள்ளே இரண்டு டிஸ்க் இருந்தால் மட்டும் எதை அழிக்கிறீர்கள் என்று அளவைப் பார்த்து நிதானமாகச் செய்யுங்கள்.

அப்புறம் கரண்ட். எங்கள் லெப்டொப்பில் பெட்டரி செத்திருந்தது. ஐப்பசி இடிமழையில் பாதி வேலையில் எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க இருட்டு. மறுபடி முதலிலிருந்து. பெட்டரி இல்லாதவர்கள் காலையில், வானம் வெளுத்திருக்கும்போது ஆரம்பியுங்கள்.

கணக்கு உருவாக்கும் கட்டம் முடியும்வரை இணையத்தோடு இணைக்காதீர்கள், இணைத்தால் ஒன்லைன் கணக்கு கேட்கும். முடிந்த பின் வைஃபை தெரியாவிட்டால் ஃபோனைக் கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கில் போட்டு, அதன் இணையத்தில் வைஃபைக்கான டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) இறக்கிக்கொள்ளலாம்.

இப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியே இருக்கிறது. எனக்கு மாதாந்த அப்டேட் வருகிறது; வருடாந்தப் பதிப்பைத்தான் இதேபோலக் கையால் போட வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட பிறகே தங்கச்சி திட்டுவதை நிறுத்தினாள்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர், எல்லாம் செய்தும் பூட்டே ஆகவில்லை என்று கேட்டிருந்தார். அவருடையது கோர் 2 டுவோ என்ற மிகப் பழைய பிராசசர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, பொப்கவுன்ட் என்ற உள் கட்டளை தெரியாத இப்படியான பிராசசரில் விண்டோஸ் 11 எழும்பாது. ரூஃபஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடச் சொன்னேன். ஓடுகிறதாம்.