லைவ் எடுக்க வரும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இப்போது கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் லைவ் கேட்கிறார்கள். மாமா துபாயில் இருப்பார், பாட்டியால் கோயம்புத்தூரிலிருந்து வர முடியாது. கேமராவும் லேப்டாப்புமாகப் புதிதாக இறங்கும் பையன்கள் பெருகிவிட்டார்கள். ஆரம்பத்தில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஃபோகஸ், ட்ரைபாட் சங்கதியெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

ராத்திரி எடுத்த ஸ்பீட் டெஸ்டை நம்புவது

ஒரு கும்பாபிஷேகம். முந்தின நாள் இரவு பத்து மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்த தம்பிக்கு அப்லோட் 11 மெகாபிட் காட்டியது. பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை, 8 மெகாபிட் என்று வைத்துவிட்டார். காலையில் ஊரே திரண்டது. அத்தனை பேர் கையிலும் போன், எல்லாம் அதே டவரில். கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவதற்குள் லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸின் அடியில் இருக்கும் பச்சைக் கட்டம் மஞ்சளாகி, சிவப்பாகிவிட்டது. டிராப் ஆன ஃப்ரேம், அதாவது அனுப்ப முடியாமல் விட்டுப்போன படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. கமெண்டில் "படம் நிற்குது" என்று எழுதியவர்களுக்கு அவர் போட்ட பதில்: "உங்க நெட்டைப் பாருங்க." இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் கேமராவிலிருந்து பார்ப்பவர் வரை படம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முழு எச்டி படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 1,200 மெகாபிட்டுக்கு மேல் வரும். படத்தைச் சுருக்கும் என்கோடர் அதை நாலைந்து மெகாபிட்டாக நெரித்து, ஆர்டிஎம்பி என்ற அனுப்பும் முறை வழியாக யூடியூப் போன்ற தளத்தின் சர்வருக்குத் தள்ளுகிறது. சர்வர் அதை 1080, 720, 360 என்று பல தரத்தில் மறுபடி செய்து, சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. பார்ப்பவரின் நெட் மெதுவானால் அவருடைய பிளேயர் தானாகவே 360க்கு இறங்கிக்கொள்ளும். அந்த வசதி சர்வருக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் நாம் வைத்த பிட்ரேட்டுக்கு அப்லோட் இடம் கொடுக்கவில்லை என்றால் டேட்டா வரிசையில் தேங்கும், ஃப்ரேம் விழும், துபாய்க்காரருக்கு எவ்வளவு நல்ல நெட் இருந்தாலும் படம் நிற்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு நம்மிடம்தான்.

கூட்டம் இருக்கும் நேரத்தில், அதே இடத்தில் டெஸ்ட் எடுங்கள். டவுன்லோடைப் பார்க்க வேண்டாம். அப்லோடில் வந்த மிகக் குறைந்த எண்ணில் பாதியை பிட்ரேட்டாக வையுங்கள். நிற்காமல் ஓடும் 720, நின்று நின்று ஓடும் 1080ஐவிட எவ்வளவோ மேல். பக்கத்துக் கடையில் ஃபைபர் இருந்தால் கேட்டு வாங்கி கேபிள் இழுத்துவிடுங்கள். 4 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி போகும், சிம்மில் டேட்டா இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் நம் எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று: ஒரு டவர் கேரளா, அடுத்தது தமிழ்நாடு. மோடம் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவினால் லைவ் அறுந்துவிடும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள்.

லேப்டாப்பில் ரெக்கார்டிங் போடாமல் இருப்பது

லைவ் அறுந்து, ரெக்கார்டிங்கும் இல்லையென்றால் போனது போனதுதான். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு 12 வருஷம் ஆகும்.

கீஃப்ரேமைக் கண்டுகொள்ளாதது

வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவதில்லை. கீஃப்ரேம் மட்டுமே முழுப் படம், நடுவில் வருவதெல்லாம் மாறிய பகுதிகள். சர்வர் துண்டு நறுக்குவது கீஃப்ரேமில்தான். ஓபிஎஸ்ஸில் கீஃப்ரேம் இடைவெளி கேட்கும் இடத்தை 0 என்று விட்டால் இடைவெளியை என்கோடரே முடிவு செய்யும், எட்டு பத்து நொடிகூட ஆகலாம். 2 நொடி என்று போடுங்கள். யூடியூப் கேட்பதும் அதைத்தான்.

புதுச் சேனலை அன்று காலையில் திறப்பது

யூடியூபில் முதல்முறை லைவ் அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும்.

ஸ்ட்ரீம் கீயை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

வேண்டாம். லைவை உங்கள் சேனலுக்குள் விடும் ரகசியக் குறியீடு அது; கையில் கிடைத்தவர் யாரும் உங்கள் சேனலில் படம் ஓட்டலாம்.

"அதே நொடியில் தெரியும்" என்று வாக்குக் கொடுப்பது

சர்வர் நறுக்கும் துண்டு ஒவ்வொன்றும் 6 நொடி, பிளேயர் மூன்று துண்டு சேர்த்துக்கொண்டு ஓட்டுகிறது என்றால் அதிலேயே 18 நொடி போய்விடும். தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது, ஆனால் பிளேயரிடம் சேர்ந்திருக்கும் கையிருப்பு குறைவதால் சின்னத் தடங்கலும் திரையில் தெரியும். தாலி கட்டும்போது துபாய் மாமா போனில் வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வீடியோ கால் போட்டுக்கொடுங்கள் என்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.