தீபாவளி ஆஃபரும் அப்பா பெயரில் தவணையும்

ஆடி பிறந்ததும் மாசி வீதிகளில் தள்ளுபடி பேனர் ஏறிவிடும். புரட்டாசி வாக்கில் ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸ், அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல். அடுத்து தீபாவளி. மதுரையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுக்கிறேன். இந்த சீசன் முழுக்க அவர்கள் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான்: “சார், இப்ப வாங்கிரலாமா, இல்ல காச வச்சிக்கிறலாமா?” முன்னால் படித்துப் போனவர்கள் எங்கே சறுக்கினார்களோ அங்கேயே இவர்களும் சறுக்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சறுக்கல்களைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதே நீங்கள்தான்.

எம்ஆர்பியிலிருந்து கணக்குப் போடுவது

எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. பெரும்பாலான பொருள்கள் சாதாரண நாளிலேயே அதற்குக் கீழேதான் விற்கின்றன. 2,999 என்று அச்சடித்த ஷூ வருஷம் முழுக்க 1,400 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தால், சேலில் 1,199 என்று போடும்போது உங்களுக்கு உண்மையில் குறைவது 200 ரூபாய். “60% தள்ளுபடி” என்ற எழுத்தை மறந்துவிடுங்கள். வேண்டிய பொருளின் விலையை ஒரு மாதத்துக்கு முன்பே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சேல் அன்று அந்த எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

“இன்னும் 2 மட்டுமே உள்ளது”, ஓடுகிற கடிகாரம் இவற்றுக்கும் பதற வேண்டாம். மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இணைய வியாபாரத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அதில் உண்டு. மாட்டிக்கொண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

அப்பா பெயரில் தவணை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் அது, பாடத்திலேயே படிக்கிறீர்கள். ஆகவே உங்கள் பெயரில் எந்தக் கடையும் தவணைக்குப் போன் தர முடியாது. அப்போதுதான் “அப்பா ஆதாரும் பான் கார்டும் மட்டும் கொண்டா தம்பி, வட்டியே இல்ல” என்று கவுண்டரில் சொல்கிறார்கள். உங்களுக்குப் போன், அப்பாவுக்குக் கடன். அப்பாவுக்கு அது கடன் என்றே பல வீடுகளில் தெரிவதில்லை. பையன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

முதலில் “வட்டியே இல்ல” என்பதைப் பாருங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. 18,000 ரூபாய் போனை மாதம் 3,000 வீதம் 6 மாதம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் வருஷத்துக்கு 16% வட்டி என்றால், அந்த 18,000க்குள் ஏறத்தாழ 810 ரூபாய் வட்டி இருக்கிறது. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடி என்ற பெயரில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறது. ஆனால் கார்டு வட்டி மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. அது உங்கள் தலையில். பிராசஸிங் ஃபீ 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. ஆக 380 ரூபாய்க்கு மேல் கூடுதல். மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குகிறவர் கேட்டு வாங்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் வாங்கினால் ஸ்கிரீன் இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி என்று கடனுக்குள்ளேயே சொருகிவிடுவதும் நடக்கிறது.

இந்தச் சில நூறு ரூபாய் போனால் போகட்டும். பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பிளஸ் ஒன் தீபாவளிக்கு இப்படித்தான் போன் எடுத்தான். அப்பா லோடுமேன். அன்றாடம் கையில் கூலி வாங்குகிறவர். மாதம் 5ஆம் தேதி காலையில் டியூ கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். பணம் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும், கணக்கில் இருக்காது. டியூ திரும்பும். வங்கி ஒரு பக்கம் ரிட்டர்ன் சார்ஜ் போடும், ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பக்கம் பவுன்ஸ் சார்ஜ் போடும். பிறகு வசூலுக்கு ஆள் வந்து அந்த மாதத்து டியூவை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போவார். கடைசி டியூ வரைக்கும் அப்படியே கட்டி முடித்தார்கள். பவுன்ஸ் சார்ஜ் மட்டும் பாக்கி நின்றது. அதை யாரும் அவர்களிடம் விளக்கிச் சொல்லவில்லை.

பையன் நன்றாகப் படித்தான். கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு மனு எழுதக் கூடப் போனேன். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள். ஆனால் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கி மேலாளர் கம்ப்யூட்டரில் அப்பாவின் சிபில் அறிக்கையை, அதாவது கடன்களை எப்படிக் கட்டினார் என்ற பதிவைத் திறந்தார். மாதம் மாதம் தாமதம். முடியாத கடன் ஒன்று, பாக்கியோடு.

“டியூ எல்லாம் கட்டியாச்சே சார்” என்று அப்பா பாஸ்புக்கை நீட்டினார். நூறு, இருநூறு என்று எடுத்த வரிகளுக்கு நடுவே ரிட்டர்ன் சார்ஜ், ரிட்டர்ன் சார்ஜ் என்று அச்சாகியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு முறை பிடித்த இடமும் இருந்தது. போனின் விலையைக் கேட்டால் 16,000 என்பார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பாக்கியைக் கட்டி, கடன் முடிந்ததற்கான என்ஓசி கடிதம் வாங்கி, அறிக்கை திருந்துவதற்குள் கல்லூரி ஃபீஸ் கட்டும் தேதி வந்துவிட்டது. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பையன் மேல் இல்லை. 16 வயதுப் பிள்ளையைக் கவுண்டரில் உட்காரவைத்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் கடன் கொடுக்கிற முறை மேல்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் இப்படித் தவணை ஓடுகிறதா? டியூ தேதிக்கு இரண்டு நாள் முன்பே பணத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள். முடிந்ததும் என்ஓசியை எழுத்தில் வாங்குங்கள். சிபில் உட்பட நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அப்பாவோடு உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. புதிதாகத் தவணை எடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவானால், கையெழுத்துக்கு முன் ‘கீ ஃபேக்ட்ஸ்’ தாளை, அதாவது வட்டியும் கட்டணங்களும் எழுதிய தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல், கிரெடிட் கார்டு தவிர, தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கெல்லாம் அது கட்டாயம். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

வருமானம் இல்லாத மாதத்தில் வாங்குவது

உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் கேட்டரிங் வேலைக்குப் போகிறீர்கள். யோசித்துப் பாருங்கள்: ஆடியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் கிடையாது. பெரிய தள்ளுபடி விழுவது சரியாக அந்த இரண்டு மாதங்களில். கை வறண்டிருக்கும்போது ஆஃபர் வருவதால்தான் கடன் வாங்கத் தோன்றுகிறது. வைகாசி, ஆனி, ஆவணி மூன்றிலும் வரும் கூலியில் பாதியைத் தனியாக எடுத்து வைத்தால் சேல் வரும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இலவச டெலிவரிக்காக இன்னொரு பொருள்

டெலிவரி சார்ஜைக் கட்டிவிடுங்கள்.

தீபாவளிச் சீட்டில் சேமிப்பது

சேமிக்கிற பிள்ளைகளும் இங்கே தவறுகிறார்கள். தெருவில் ஒருவர் மாதம் 300 வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஸ்வீட், பட்டாசு, எவர்சில்வர் பாத்திரம் தருவதாகச் சொல்வார். கையில் ஒரு அட்டை இருக்கும், ரசீது இருக்காது. ஆள் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் காட்ட அந்த அட்டை ஒன்றுதான்.

10 வயது முடிந்தாலே வங்கியிலும் தபால் நிலையத்திலும் உங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கி நீங்களே நடத்தலாம். அந்தக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். பணம் எடுக்கக் கவுண்டர் வரை நடக்க வேண்டும் என்றாலே பாதி ஆசை போய்விடும். மாதம் மாதம் கட்டிச் சேமிக்கும் தபால் நிலைய ஆர்டி 100 ரூபாயில் தொடங்குகிறது, ஆனால் அது 5 வருஷக் கணக்கு. தீபாவளிக்கு எடுக்கிற பணத்தை அதில் போடாதீர்கள். கல்லூரிக்கான பணத்தைப் போடுங்கள்.

நண்பனுக்காக உங்கள் கணக்கில் ஆர்டர்

வேண்டாம்.

ஒன்றுமே வாங்காமல் இருப்பது

இதையும் தவறு என்றுதான் சொல்வேன். எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்ற பொருளுக்கு சேல் நல்ல சமயம். ஆடியில் துணிக்கடைகள் தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டிப் பழைய ஸ்டாக்கை இறக்குகின்றன. கல்லூரிக்குப் போட நாலு சட்டை, சுடிதார் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஷூ, ஸ்கூல் பேக், சயின்டிபிக் கால்குலேட்டர் இவையும் அப்படியே. அப்பா அம்மாவுக்கு உங்கள் கூலிக் காசில் ஒன்று எடுத்துக் கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாக எடுங்கள். அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

போன் மட்டும் கொஞ்சம் நிதானம். பாதி விலைக்குக் கிடைக்கும் மாடல் எந்த வருஷம் வந்தது, செக்யூரிட்டி அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். ஒரு வருஷத்தில் நின்றுவிடும் என்றால் யுபிஐ வைத்துக்கொள்ள அந்தப் போன் சரிப்படாது. கடையில் வாங்கினால் பில்லில் அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ நம்பர் ஏறியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் சரிபாருங்கள். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.