ட்ராக்குக்கு நடுவே கால்பந்து மைதானம் அமைப்பது எப்படி

தடகளமும் கால்பந்தும் ஒரே ஸ்டேடியத்தில் நடக்கும் இடங்களில்தான் மைதானப் பராமரிப்பாளனாக வேலை பார்த்து வருகிறேன். மேட்ச் என்றதும் எல்லாரும் புல்லைப் பார்ப்பார்கள். நான் முதலில் போய் நிற்பது கார்னரில்.

வழக்கமான 400 மீட்டர் ட்ராக்கின் உள்வளைவு ஆரம் 36.5 மீட்டர். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் மைதானம் போட்டால் பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் மிஞ்சும், கோலுக்குப் பின்னால் தாராளமாகவே இடம் கிடக்கும். கார்னர் கொடிக்கும் ட்ராக்குக்கும் நடுவே மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கார்னர் அடிப்பவர் ட்ராக்கின் மேலிருந்துதான் ஓடி வர வேண்டும்.

அங்கே உள்விளிம்பு அலுமினியப் பட்டையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். 5 சென்டிமீட்டர் உயரம்தானே என்று ஒருமுறை விட்டுவிட்டேன். ஒரு பையன் அதில் கால் இடறி, கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பட்டையை எடுத்ததும் ட்ராக்கின் மேல் செயற்கைப் புல் விரிப்பைப் போடுங்கள். பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட்ஸ் குமிழ்கள் ட்ராக்கைக் கிழிக்காது, காலும் வழுக்காது. விரிப்பின் ஓரம் சுருண்டு நிற்கக் கூடாது.

அடுத்து அளவு. துணி டேப் இழுபடும், இரும்பு டேப்தான் வேண்டும். மூலையில் ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்து, குறுக்கே 5 வருகிறதா பாருங்கள்; வந்தால் மூலை செங்கோணம். கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 125.10 மீட்டர் வந்தால் மைதானம் கோணல் இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். 105, 68 இரண்டுமே கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து எடுக்கும் அளவு. கோடும் மைதானத்தில் சேர்ந்ததுதான். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோல் கோடு போஸ்ட்டின் தடிமனுக்குச் சரியாக இருக்கட்டும். சுண்ணாம்பு வேண்டாம், ஈரம் பட்டால் தோலைப் பொசுக்கும். தண்ணீரில் கரையும் வெள்ளை பெயின்ட் போதும்.

முந்தின நாள் குண்டெறிதல் நடந்திருந்தால் புல்லில் குழிகள் இருக்கும். 7.26 கிலோ இரும்பு விழுந்த இடம். மேலே மண்ணைக் கொட்டி மிதித்தால் அடிமண் இறுகி, வேர் மூச்சுவிடாது. குழியின் ஓரத்தில் தோட்டவேலை முள்கரண்டியைச் சாய்த்துக் குத்தி, அடிமண்ணை மெதுவாக நெம்பித் தூக்குங்கள். மிச்சப் பள்ளத்துக்கு மட்டும் மணல் கலந்த மண் போடுங்கள்.

மேட்ச் தொடங்குமுன் நானே ஸ்டட்ஸ் மாட்டிக்கொண்டு, நாலு கார்னரிலும் ட்ராக்கிலிருந்து ஓடி வந்து பந்தை அடித்துப் பார்ப்பேன். விரிப்பு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் எடுத்து மறுபடி போடுவேன்.