முதல் முறை வான்கோழி வாட்டப் போகிறீர்களா? சனிக்கிழமையே ஆரம்பியுங்கள்

அமெரிக்காவின் வட மாநிலமான மினசோட்டாவுக்கு வந்த இரண்டாம் வருடம், "இந்த முறை தேங்க்ஸ்கிவிங் (வான்கோழி வாட்டிக் கொண்டாடும் நன்றி நாள்) விருந்து எங்கள் வீட்டில்தான்" என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முப்பது பேருக்குப் பிரியாணி வடித்தவளுக்கு ஒரு கோழி என்ன பெரிய விஷயம் என்ற திமிர்தான். மாலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். சாப்பிட்டது ஒன்பதே கால். நடுவில் எல்லோரும் முறுக்கையும் மிக்ஸரையும் காலி செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஐந்து வருடம், ஐந்து வான்கோழி. இப்போது ஓரளவு கை வந்துவிட்டது.

ஓவனை எப்படிச் சூடேற்றுவது, உருளைக்கிழங்கை எப்படி மசிப்பது என்றெல்லாம் எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

முதலில் தேதி

நவம்பரின் நான்காவது வியாழன். கடைசி வியாழன் அல்ல. சில வருடம் நவம்பரில் ஐந்து வியாழன் வரும், என் தோழி ஒருத்தி அப்படித்தான் ஒரு வாரம் தள்ளி லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 1863-இல் அதிபர் லிங்கன் அறிவித்தது கடைசி வியாழனைத்தான். 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நாளை முன்னே இழுக்க, பாதி மாநிலம் ஒரு நாளும் மீதி மாநிலம் இன்னொரு நாளும் கொண்டாடி ஒரே கூத்து. 1941-இல்தான் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்தார்கள்.

வாங்குவது

ஆளுக்கு ஒன்றரை பவுண்டு கணக்கு வைத்தால் மறுநாளைக்கும் மிஞ்சும். நான் 14 பவுண்டைத் தாண்டுவதில்லை, அதற்கு மேல் போனால் தொடை வேகும்போது நெஞ்சுக்கறி தேங்காய் நாராகிவிடுகிறது. இருபது பேர் என்றால் ஒரு யானைக்குட்டிக்குப் பதில் சின்னதாக இரண்டு வாங்குங்கள். இன்னொன்று, உறையில் பொடி எழுத்தில் உப்புக் கரைசல் ஏற்றியது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் கீழே நான் சொல்லும் உப்புத் தடவலை விட்டுவிடுங்கள்.

ஐஸ் கரைப்பது (நான் கவிழ்ந்த இடம்)

நான் செவ்வாய் இரவு வாங்கி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஒன்றரை நாள் போதாதா என்று தூங்கப் போனேன். வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் மேலே தோல் மெத்தென்று இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று வயிற்றுக்குள் கையை விட்டேன், விரல் நேராக ஐஸ் பாறையில் போய் முட்டியது. உள்ளே கழுத்து எலும்பு இருக்கும், ஈரலும் இரைப்பையும் ஒரு காகிதப் பையில் இருக்கும், அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று படித்திருந்தேன். எடுப்பது எங்கே, எல்லாம் விலா எலும்போடு ஒட்டி உறைந்து கிடந்தது. இழுத்ததில் பை பாதி கிழிந்து கையோடு வந்தது, மீதி உள்ளேயே இருந்தது.

கணக்கு இதுதான்: ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு 4 பவுண்டுக்கும் ஒரு முழு நாள். 14 பவுண்டுக்கு மூன்றரை நாள். சனிக்கிழமை இரவு ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் புதன் காலை தயார். அடியில் விளிம்பு உள்ள தட்டு வையுங்கள், தண்ணீர் கசியும்.

மறந்துவிட்டீர்களா? உறையைப் பிரிக்காமல் ஸிங்க்கில் பச்சைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள், பவுண்டுக்கு அரை மணி நேரம். 14 பவுண்டு என்றால் ஏழு மணி நேரம். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், அதாவது நாள் முழுக்க நீங்கள் ஸிங்க்குக்குக் காவல். வெந்நீர் கூடவே கூடாது. இப்படிக் கரைத்ததை உடனே சமைத்துவிட வேண்டும். அன்றைக்கு நான் நாலு மணி நேரம் ஸிங்க் அருகே நின்றது இதற்குத்தான்.

*பிறகு சேர்த்தது:* கராஜில் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். எங்கள் ஊர் நவம்பரில் கராஜே ஃப்ரீசர், கரையவே கரையாது. டெக்சாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நேர் எதிர், பகலில் கெட்டே போகும். "வியாழன் காலைதான் இந்தப் பதிவைப் பார்க்கிறேன், என்ன செய்ய?" என்று ஒருவர் அலறியிருந்தார். அப்படியே உறைந்த நிலையிலும் ஓவனில் வைக்கலாம், ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். நடுவில், உள்ளே ஐஸ் இளகியதும் இடுக்கியால் அந்தப் பையை வெளியே எடுத்துவிடுங்கள்.

கழுவாதீர்கள்

"மஞ்சள் போட்டுக் கழுவாமல் கறி சமைப்பியா?" என்று அம்மா போனில் பதறினார். ஆனால் இவ்வளவு பெரிய பறவையைக் குழாயடியில் பிடித்தால் அந்தத் தண்ணீர் ஸிங்க்கைச் சுற்றியுள்ள எல்லாவற்றின் மீதும் தெறிக்கும், கிருமியும் கூடவே போகும். அமெரிக்க விவசாயத் துறையே கழுவாதே என்கிறது. காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள், போதும். சமைத்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

புதன் காலை, 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்புத் தூள் (இங்கே கோஷர் உப்பு என்பார்கள்) வீதம் எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். பெரிய வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து முக்கி எடுப்பவர்களும் உண்டு, எனக்கு அது வீண் வேலை.

வாட்டுவது

325 டிகிரி ஃபாரன்ஹீட். கம்பித் தட்டு வாங்கிக் காசை விரயம் செய்யாமல் வெங்காயம், கேரட், செலரியைப் பரப்பி அதன் மேல் பறவையைப் படுக்க வையுங்கள், கிரேவிக்கும் அதுவே ஆகும். மெல்லிய அலுமினியத் தட்டு என்றால் அடியில் ஒரு கனமான ட்ரே கட்டாயம், இல்லாவிட்டால் தூக்கும்போது நடுவில் மடங்கிக் கொதிக்கிற நெய் காலில் கொட்டும். மேலே வெண்ணெய். கரம் மசாலா வேண்டாம், ஒரு தடவையாவது சேஜ் என்ற மூலிகை இலையும் மிளகும் மட்டும் போட்டுச் செய்து பாருங்கள்.

14 பவுண்டுக்கு மூன்றிலிருந்து மூன்றே முக்கால் மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். பறவையோடு வரும் பிளாஸ்டிக் பொத்தான், அதுதான் வெந்ததும் டப்பென்று மேலே எழும்புமே, அதைப் பிடுங்கி எறியலாம் என்பது என் கட்சி. குத்தியதும் எண் காட்டும் டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள். தொடை உடம்போடு சேரும் உள் இடுக்கில், எலும்பில் படாமல் குத்துங்கள், எலும்பில் பட்டால் பொய் சொல்லும். அங்கேயும் நெஞ்சின் தடித்த இடத்திலும் 165 காட்ட வேண்டும். எடுத்ததும் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

ஸ்டஃபிங்கை (பறவைக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) வயிற்றில் அடைக்காமல் தனித் தட்டில் வைத்துவிடுங்கள். தெற்கு மாநிலங்களில் இதை டிரெஸ்ஸிங் என்பார்கள், சாலட்டில் ஊற்றுவதோ என்று குழம்ப வேண்டாம். எங்கள் ஊரில் ரொட்டியோடு காட்டரிசியும் சேர்ப்பார்கள். அது இந்த ஏரிகளில் ஒஜிப்வே பூர்வகுடி மக்கள் படகிலிருந்து தட்டி அறுக்கும் தானியம், கறுப்பாக நீளமாக இருக்கும்.

கிரான்பெரி சாஸ் பத்து நிமிட வேலை: 12 அவுன்ஸ் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கடுகு மாதிரிப் படபடவென்று வெடித்து அடங்கியதும் இறக்குங்கள். நான் இரண்டு வரமிளகாய் கிள்ளிப் போடுவேன். ஆனாலும் டப்பாவிலிருந்து, டப்பாவின் வரிகள் அப்படியே பதிந்து, தொப்பென்று விழும் ஜெல்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விருந்தாளி ஒருவராவது இருப்பார். ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.

விருந்தாளிகள் விஷயம்

வின்னிபெக்கிலிருந்து வந்த நண்பர் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எங்களுக்குப் போன மாதமே முடிந்துவிட்டது." கனடாவில் அக்டோபரின் இரண்டாவது திங்கள். பக்கத்து வீட்டு லைபீரியக் குடும்பத்துக்கு நவம்பரின் முதல் வியாழன். அமெரிக்காவிலிருந்து திரும்பிப் போன கறுப்பின மக்கள் உருவாக்கிய நாடு அது, பண்டிகையும் அவர்களோடு போயிருக்கிறது, சாப்பாடு மட்டும் மாறிவிட்டது. வான்கோழிக்குப் பதில் கோழி, மசித்த மரவள்ளி, நல்ல காரம். அந்த அக்கா கொண்டுவந்த ஜொல்லாஃப் சோறு என் வான்கோழிக்கு முன்பே தீர்ந்தது, எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான நார்ஃபோக் தீவிலும் நவம்பர் கடைசிப் புதன் இந்த நாள் உண்டு. திமிங்கில வேட்டைக்கு வந்த அமெரிக்கர்கள் விட்டுப்போன பழக்கமாம்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'முதல் தேங்க்ஸ்கிவிங்' கதையோடு குழந்தைகள் வருவார்கள். 1621-இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் நடந்த அந்த விருந்தைப் பற்றி, அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களில் ஒருவரான வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகளும், வாம்பனோக் பூர்வகுடி மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் இருக்கின்றன. இன்றைய விருந்தின் இனிப்பான பூசணி 'பை' (pie) இல்லை. அதே பிளிமத்தில் 1970 முதல் பூர்வகுடி மக்கள் இந்த நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். என் பெண் கேட்டபோது இரண்டையும் சொன்னேன்.

மறுநாள்

ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தைச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். கறியை உதிர்த்து மிளகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயத்தோடு வறுத்தால் முதல் நாளைவிட இதுவே நன்றாக இருக்கும். எலும்புக்கூட்டைக் குக்கரில் உடைத்துப் போட்டு ரசம் வையுங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* "எலும்பு குக்கரில் அடங்கவில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஐந்து லிட்டர் குக்கரில் அடங்காதுதான். முதுகெலும்பின் நடுவில் கையால் மடக்கினால் சட்டென்று உடையும், இரண்டு தடவையாக வையுங்கள்.