பழைய பொருள் கிடைத்தால் உடனே துடைக்காதீர்கள்

பழைய நாணயமோ கடிதமோ கையில் கிடைத்தால், உடனே தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அந்த அழுக்கும் ஒரு சாட்சிதான். எங்கே, எதன் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று முதலில் எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கிடைத்த இடம் தெரியாத பொருள் பாதி ஊமை.

நாணயத்தில் 1850 என்று இருக்கிறது, சரி. அதற்காக அது கிடந்த மண்ணடுக்கும் 1850-ஐச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தியது அல்ல என்றுதான் சொல்லலாம். எழுத்து மழுங்கித் தேய்ந்திருந்தால், பல வருடம் கைமாறிய பிறகே மண்ணுக்குள் போயிருக்கும். எலி வளை தோண்டி மேலடுக்கிலிருந்து கீழே தள்ளியிருக்கவும் வாய்ப்புண்டு; அப்போது அந்த அடுக்கு நாணயத்தைவிடப் பழையதாகவும் இருக்கலாம். அகழாய்வில் இது நிஜமான தலைவலி. வயதைக் கணிக்கும் கார்பன் சோதனை நாணயத்துக்கு உதவாது. அது மரம், எலும்பு, விதை போல ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான்.

கடிதம், ஆவணம் என்றால் தேதியை நம்புமுன் சொற்களைப் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் நெடுங்காலம் உலவியது. 1440-இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதன் லத்தீனை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார். ரோம அதிகாரிகளை அதில் ‘சத்ராப்’ என்று அழைத்திருந்தார்கள். அது பாரசீகப் பட்டம். குட்டு உடைந்தது.

அப்புறம், சம்பவம் நடந்து எத்தனை வருடம் கழித்து எழுதினார்கள், யார் படிக்க எழுதினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தாளில்! மூலக் கடிதத்தின் மேலேயே பேனாவால் கிறுக்குபவர்களும் இருக்கிறார்கள்.