அக்ரிலிக் மேல் மை நிற்காமல் உருண்டபோது

அக்ரிலிக் வண்ணம் பூசி, காய்ந்தபின் நிப் பேனாவால் கருப்பு மையில் கோடு வரைவது என் வழக்கம். சிறுவர் கதை ஒன்றின் படத்தில் இம்முறை கோடு நிற்கவில்லை. தாமரை இலைத் தண்ணீராய் முத்து முத்தாக உருண்டது. நிப்பை மாற்றினேன். புது மைப்புட்டி வாங்கினேன். விரல் எண்ணெயோ என்று ஈரத்துணியால் துடைத்தேன். நான்கு நாட்கள் வீணாயின.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது: மஞ்சள் காவி பூசிய மண்சுவரில் கோடு ஒழுங்காக இருந்தது, தாலோ நீல வானத்தில் மட்டுமே உருண்டிருந்தது. காவி போன்ற மண் நிறங்கள் மங்கலாக, சற்றே சொரசொரப்பாகக் காயும். தாலோ நீலமோ அடர் நிறம். நிறமி சிறிதளவே போதும், மிச்சமெல்லாம் பளபளக்கும் அக்ரிலிக் பிசின். போதாததற்கு பளபளப்பைக் கூட்டும் கிளாஸ் (gloss) மீடியம் என்ற கலவையையும் நான் சேர்த்திருந்தேன். அந்த வழவழப்பில்தான் மை பிடிக்கவில்லை.

பளபளப்பில்லாமல் காயும் மேட் (matte) மீடியத்தில் சிறிது தண்ணீர் சேர்த்து, அகலத் தூரிகையால் வானம் முழுக்க ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, இரவு முழுவதும் காயவிட்டேன். பளபளப்பைக் குறைக்க அதில் சேர்க்கும் நுண்துகள்களே மைக்குப் பிடிப்பு தருகின்றன. அடர்த்தியாகப் பூசினால் கருநிறங்கள் வெளிறிவிடும். துண்டுத் தாளில் சோதித்தே அளவு பிடித்தேன். மறுநாள் காலை பனையோலைக் கோடுகள் நீலத்தின் மேல் பிசிறின்றி நின்றன. அப்பாடா என்றிருந்தது.