திருப்பூருக்கு வந்தவர்களுக்கு உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

நான் செய்த முதல் தவறு ஒரு நோட்டீஸ். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஊருக்குப் புதிதாக வரும் தொழிலாளர்களுக்காக உதவி மையம் மாதிரி ஒன்றை ஆரம்பித்தோம். ரேஷன், பி.எஃப்., ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எதுவானாலும் வந்து கேளுங்கள் என்று இந்தியில் ஐந்நூறு நோட்டீஸ் அடித்து ஒரு பனியன் கம்பெனி விடுதியில் கொடுத்தோம். அங்கிருந்த பெண்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் வரவில்லை. விசாரித்தால், அந்த விடுதியில் பெரும்பாலோர் ஒடிசாக்காரர்கள். அவர்கள் எழுத்தே வேறு.

வடக்கே இருந்து வந்தால் இந்தி என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. ஒடிசாக்காரர் ஒடியா பேசுவார். வங்காளத்துக்காரர் பேச்சு வேறு, அசாம்காரர் பேச்சு வேறு. ஜார்க்கண்டிலிருந்து வருபவர் வீட்டில் சந்தாலி, குடுக் மாதிரி ஒரு பழங்குடி மொழி பேசுபவராக இருக்கலாம். அவருக்கு இந்தியே இரண்டாவது மொழி. பீகார்காரரின் போஜ்புரியும் மைதிலியும் புத்தக இந்தி அல்ல. அதனால் "எந்த மாநிலம்?" என்பதோடு நிறுத்தாமல் "வீட்டில் என்ன பேச்சு?" என்றும் கேளுங்கள். நாங்கள் இப்போது நோட்டீஸ் அடிப்பதே இல்லை. ஐந்து வருடமாகப் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின் வரிசையில், உட்கார்ந்து தமிழும் பழகிவிட்ட ஓர் ஒடிசாப் பெண், விஷயத்தை ஒரு நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது விடுதி விடுதியாகப் போய்விடுகிறது. படிக்கத் தெரியாதவருக்கும் காது இருக்கிறதே.

மொழி தெரிந்த ஆளைத் தேடினால் சட்டென்று கையில் கிடைப்பவர் கான்ட்ராக்டர், இல்லாவிட்டால் சூப்பர்வைசர். அவரையே நடுவில் உட்கார வைத்துப் பேசுவதுதான், என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமான தவறு. சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்று சொல்ல வந்தவர், பிடித்த ஆளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? ஒரு பெண்ணை வயிற்றுவலி என்று சூப்பர்வைசரோடு டாக்டரிடம் அனுப்பினோம். மூன்று தடவையும் கேஸ் மாத்திரையோடு திரும்பினார். நாலாவது தடவை கூட ஒரு பெண் போனபோதுதான் மாதவிடாய்க் கோளாறு என்று வாய் திறந்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதும் இதே கதைதான். அம்மாவின் நோயை எட்டு வயதுப் பையன் டாக்டருக்கு விளக்க முடியாது, விளக்கவும் கூடாது.

அடுத்தது நேரம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, "வரவே மாட்டேங்கறாங்க, அக்கறை இல்லைங்க" என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், ஓடும் ஊர் இது. காலையில் உள்ளே போனவர் வெளியே வர ராத்திரி எட்டு ஆகிவிடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நம் முகாமுக்கு வருவது என்றால் அரைநாள் கூலி போச்சு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைத் துணிச் சந்தை, ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள்: அங்கேதான் அவர்கள் இருப்பார்கள். மேசையையும் இரண்டு நாற்காலியையும் அங்கே கொண்டுபோய்ப் போடுவது நம் பாடு.

மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாதி ஒரு சிம் கார்டில் ஆரம்பிக்கிறது. ஊருக்கு வந்ததும் புது நம்பர் வாங்குகிறார்கள். பழையது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகிறது. ஆதாரில் இருப்பதோ அந்தப் பழைய நம்பர். பி.எஃப். பணம் எடுக்க, வேறு எதற்குப் போனாலும் ஓ.டி.பி. அந்தச் செத்த நம்பருக்குப் போகும். இங்கே உதவுபவர் செய்யும் அவசர வேலை ஒன்று உண்டு: "என் நம்பரைக் கொடுத்துக்கறேன், ஓ.டி.பி. வந்தா நான் சொல்றேன்." வேண்டவே வேண்டாம். அவருடைய பணத்துக்கு நீங்கள் பூட்டும் சாவியும் ஆகிவிடுவீர்கள். ஆதார் மையத்துக்கு அவரையே அழைத்துப்போய் அவர் நம்பரை ஏற்றச் சொல்லுங்கள்.

பி.எஃப்.பில் இன்னொன்று. யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் ஓர் ஆளுக்கு ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் மாறாது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி புது எண் போட்டு, பெயரை ஒவ்வொரு மாதிரி எழுதி, கடைசியில் ஊருக்குத் திரும்பும்போது பணம் மூன்று இடத்தில் கிடக்கும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் பி.எஃப்.பிலும் இருக்கிறதா என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே பார்ப்பது நல்லது. ஊருக்கு டிக்கெட் எடுத்த பிறகு பார்த்தால் ஒன்றும் நடக்காது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு பற்றி நம்மவர்களுக்கே பாதி தெரியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இது உண்டு. சந்தாவாகச் சம்பளத்தில் அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். காய்ச்சலுக்கு லீவு எடுத்தால் கிடைக்கும் உதவித்தொகைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கு கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு, குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம் வரும். இது தெரியாமல், கட்டிங் மெஷினில் விரல் போனவரைப் பதறித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று பயந்து "வழுக்கி விழுந்துட்டார்" என்று எழுத வைத்துவிடுகிறோம். அந்த ஒரு வரி அவருடைய உரிமையை அடித்துவிடும். முதலுதவி எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

ரேஷனில் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு, "இங்கேயே புது கார்டு வாங்கித் தர்றேன்" என்பது. புதுக் கார்டுக்கு ஊர்க் கார்டிலிருந்து பெயரை எடுத்தாக வேண்டும். அங்கே இருக்கும் அம்மா அப்பாவின் கார்டில் தலை குறையும். தேவையே இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஊர்க் கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால், இங்குள்ள கடையில் விரல் வைத்துத் தன் பங்குத் தானியத்தை வாங்கலாம். மீதிப் பங்கை ஊரில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். நம் மாநிலம் தன் கார்டுகளுக்குத் தரும் பருப்பும் பாமாயிலும் இதில் வராது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரோடு வீண் சண்டை.

இவ்வளவு நேரம் சொன்னது இந்நாட்டுக் குடிமக்களைப் பற்றி. அவர்களை "அகதி மாதிரி வந்திருக்காங்க" என்று பேசுவது தவறு; யாருடைய அனுமதியும் இல்லாமல் இங்கே வந்து வேலை செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நம் கொங்கு நாட்டிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. பவானிசாகரிலும் அரச்சலூரிலும் பூலுவபட்டியிலும் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள். 2021இல் அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பெயிண்டிங் வேலைக்குப் போகும் இளைஞர்கள் உண்டு. நம்மைப் போலவே பேசுகிறார்கள், ஆதார் இருக்கிறது. எனவே ஒடிசாக்காரருக்குச் செய்ததையே இவர்களுக்கும் செய்துவிடலாம் என்று ஆர்வக்கோளாறில் கிளம்புகிறோம்.

அது ஆபத்து. ஆதார் வசிப்பவருக்குக் கொடுப்பது. குடியுரிமைச் சான்று அல்ல. முகாமில் பதிவான ஒருவருக்கு வாக்காளர் அட்டைக்கோ இந்திய பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால், நீங்கள் ஊருக்குப் போய்த் தூங்குவீர்கள், வழக்கு அவர் மேல் வரும். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; இவர்கள் வாழ்க்கை அரசாணைகளில் நிற்கிறது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் குடியுரிமை ஆகாது. இந்தப் பக்கம் உதவ நினைத்தால் 1984 முதல் இதே வேலையாக இருக்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தாரிடம் முதலில் கேளுங்கள். அப்புறம், தொழிற்பயிற்சி வைக்கும் முன் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள் எது என்று விசாரியுங்கள். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் மாத உதவித்தொகைக்குச் சிக்கல்.

சின்னச் சின்னத் தவறுகள்: அசல் ஆதாரையோ பாஸ்புக்கையோ "பத்திரமாக" நம் டிராயரில் வைத்துக்கொள்வது (நான் செய்திருக்கிறேன், அந்த மாதம் ஒருவருக்கு ஊரில் சாவு, சாவி என் சட்டைப் பையில், நான் பழனியில்). போர்வை கொடுக்கும்போது போட்டோ.

2023 மார்ச் நினைவிருக்கும். வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது நம் பக்கத்தில் பலர் செய்தது, தமிழில் மறுப்பு எழுதி நமக்கு நாமே பகிர்ந்துகொண்டது. பயந்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. ஊரிலிருந்து அம்மா போனில் அழுததைத்தான் கேட்டார்கள். நான் முன்னே சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவை அந்த வாரத்தில்தான் ஆரம்பித்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சாதாரண நாட்களில் ரேஷன் சேதி சொல்லிப் பழகிய குரலாக இருந்ததால் ஊருக்குக் கிளம்பத் தூக்கிய பெட்டியைக் கொஞ்சம் பேர் கீழே வைத்தார்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கப் போனால் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. பத்து வயதுப் பையனுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பு என்றுதான் சட்டம் சொல்கிறது. இங்கே பிறக்கப்போகும் குழந்தைக்கு, அம்மா ஆரம்பத்திலேயே செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். பிறந்தபின் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை. பேர் வைக்க ஊரில் தாத்தா நாள் பார்க்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் பெயரை மட்டும் அவர்கள் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.